பதினைந்தாயிரத்து ஒன்று

முதல் மாதம் பணம் வந்தபோது வங்கிக்காரர்கள்தான் ஏதோ தவறு செய்துவிட்டார்கள் என்று நினைத்தேன். குடும்ப நீதிமன்றத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது, குழந்தைக்கு மாதம் பதினைந்தாயிரம். கைப்பேசிக்கு வந்த குறுஞ்செய்தியில் பதினைந்தாயிரத்து ஒன்று என்று இருந்தது. அடுத்த மாதமும் அதே ஒன்று. அதற்கடுத்த மாதமும் அதே. வட்டியா, வரியா, வேறு ஏதாவது பிடித்தமா என்று குழம்பி, மந்தைவெளியில் நாங்கள் குடியிருந்த அடுக்ககத்தின் கீழ்த்தளத்து ஆடிட்டரிடம் போய்க் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஒரு ரூபாய் அதிகமா வந்ததுக்கா கவலைப்படறீங்க மேடம்?" என்றார். குறைவாக வந்தால் சொல்லுங்கள், வழக்குப் போடலாம் என்றும் சொன்னார்.

விளக்கம் அவருடைய அக்காவிடமிருந்து வந்தது. அவர் என்றால் என் மகளின் அப்பா. எனக்கு அவர் யார் என்று சொல்ல இப்போது சொல் கிடையாது, தேவையும் இல்லை. அக்கா நங்கநல்லூரில் இருக்கிறாள். அந்தக் குடும்பத்தின் வாய் அவள்தான். தம்பி எந்த விஷயத்துக்கும் வாயைத் திறக்க மாட்டார். அவருக்குத் தும்மல் வந்தால்கூட அக்காதான் தும்முவாள். விவாகரத்துக்குச் சம்மதம் என்பதையே அவர் என்னிடம் சொல்லவில்லை, அவள்தான் தொலைபேசியில் சொன்னாள். ஆகவே ஒரு ரூபாய் விஷயத்தையும் அவளிடமே கேட்டேன்.

"சுழியில முடியற மாதிரி குடுக்கப்படாதுடி" என்றாள். "நான்தான் ஒரு ரூபா சேர்த்துப் போடுடான்னு சொன்னேன். குழந்தைக்குக் குடுக்கறதாச்சே, மங்களகரமா இருக்க வேண்டாமா?"

கல்யாணத்துக்குக் கொடுப்பது ஐந்நூற்றொன்று. பூணூலுக்கு ஆயிரத்தொன்று. மொய்ப் பணத்துக்குத்தான் அந்த ஒற்றை ரூபாய் வால் முளைக்கும். மின்கட்டணத்துக்கு யாராவது ஒரு ரூபாய் சேர்த்துக் கட்டியதுண்டா? பால்காரருக்கு? வீட்டுக் கடன் தவணைக்கு? வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்கும்போது யாரும் மங்களம் பார்ப்பதில்லை, கணக்குத் தீர்ந்தால் போதும் என்று இருப்பார்கள். இவர் கணக்கில் என் மகள் மூன்று வேளை சாப்பிடுவதும், பள்ளிக்கூடம் போவதும், காய்ச்சலுக்கு மாத்திரை விழுங்குவதும் யார் வீட்டிலோ மாதாமாதம் நடக்கிற விசேஷம். ஐயா வந்திருந்து மொய் எழுதிவிட்டுப் போகிறார்.

கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிற ஆட்களை எனக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும். மயிலாப்பூரில் அந்த வகைக்குப் பஞ்சமில்லை. ஆனால் கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியையே தேங்காயாக்கி, கடைக்காரர் தலையிலேயே உடைத்து, ஆசீர்வாதமும் பண்ணிவிட்டுப் போகிறவரை அப்போதுதான் பார்த்தேன்.

அன்பளிப்பு என்று ஆகிவிட்டால் அன்பளிப்புக்கு உண்டான சட்டதிட்டங்களும் கூடவே வந்துவிடும். ஐந்தாம் தேதிக்குள் என்று நீதிமன்றம் சொன்னது. பஞ்சாங்கம் வேறு சொன்னது. ஐந்தாம் தேதி அஷ்டமியில் விழுந்தால் நவமியும் கழிந்து தசமியன்று பணம் வரும். வெள்ளிக்கிழமையில் விழுந்தால் லட்சுமி வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. செவ்வாயும் அப்படியே. ஞாயிற்றுக்கிழமை வங்கிக்கு விடுமுறை என்பார்கள். உட்கார்ந்த இடத்தில் விரலால் தட்டி அனுப்புகிற பணத்துக்கு எந்த வங்கி எந்தக் கிழமை மூடினால் என்ன என்று கேட்டால், உனக்கு எதற்கெடுத்தாலும் எதிர்ப்பேச்சு என்று பதில் வரும். ஆடி மாதம் முழுவதும் ஒரு சந்தேகம்தான். ஆடியில் புதிதாக ஒன்றும் தொடங்கக் கூடாது என்பது தெரியும், ஆனால் இது என்ன புதிது? குழந்தை பிறந்து எத்தனையோ ஆடி போய்விட்டது.

ஒருமுறை அமெரிக்காவில் அவர்களுடைய பங்காளி ஒருவர் காலமானார். அவரை இவர்கள் கடைசியாகப் பார்த்தது யார் கல்யாணத்தில் என்பதிலேயே வீட்டில் இரண்டு கட்சி. ஆனாலும் பத்து நாள் தீட்டு. பள்ளிக்கூடத்தில் பருவக் கட்டணம் கட்டக் கடைசித் தேதி அந்தப் பத்து நாளுக்குள் இருந்தது. அக்காவைக் கூப்பிட்டேன்.

"தீட்டுல சுபமா எதையும் குடுக்கப்படாதுடி. குழந்தைக்குத்தான் ஆகாது" என்றாள்.

"இந்தப் பத்து நாளும் குழந்தை சாப்பிடலாமா, அதுக்கும் சாஸ்திரத்துல ஏதாவது இருக்கா அக்கா?" என்று கேட்டேன்.

"உனக்கு எல்லாம் விளையாட்டு" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டாள். அந்த மாதம் அவருடைய புதுக் காருக்கான தவணை மட்டும் ஐந்தாம் தேதி காலையில் தானாகவே கழிந்திருக்கும். கார் கம்பெனிக்குத் தீட்டு கிடையாது.

நான் அடையாறில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். காலை ஆறரைக்குப் போய் உட்கார்ந்தால், வெறும் வயிற்றோடு வருகிற பெரியவர்கள் வரிசையாகக் கையை நீட்டுவார்கள். நரம்பே தட்டுப்படாத கைகளிலிருந்துகூடக் குத்திய முதல் குத்தில் ரத்தம் எடுத்துவிடுவேன். கூட வேலை பார்க்கிறவர்கள் கடினமான கைகளை என்னிடம்தான் அனுப்புவார்கள். அந்த ஒரு வீட்டிலிருந்து ஐந்தாம் தேதிக்குள் பணம் எடுக்கிற வித்தை மட்டும் எனக்குக் கடைசிவரை கைவரவில்லை.

வித்தை தெரியாதது என் ஒருத்திக்கு மட்டுமில்லை. நிலுவைக்காக ஒருதரம் நீதிமன்றத்துக்குப் போய் வாசல் பெஞ்சில் காத்திருந்தேன். பக்கத்தில் பட்டினப்பாக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மீன் விற்கிறவள். அவள் புருஷன் பணமே தருவதில்லை, பொருளாகத் தருவானாம்.

"காசு கேட்டா ஒரு கூடை சங்கராவ கொணாந்து வாசல்ல வெச்சிட்டு பூட்றான்க்கா" என்றாள். "நானே மீனு விக்கிறவ. எனுக்கே மீனு! இஸ்கூலு பீசுக்கு நான் இன்னா, வஞ்சரத்தையா கட்டிக்கினு இருப்பேன்?"

பிறகு என் கதையைக் கேட்டாள். சொன்னேன். ஒரு ரூபாயைப் பற்றியும் சொன்னேன்.

"மேலயே ஒர்ருபா போட்டுக் குட்க்குதா? அப்ப நல்ல மனுசனாத்தான் கீது" என்றாள்.

எனக்கு எழுந்து வேறு பெஞ்சுக்குப் போய்விடலாம் போல் இருந்தது. ஆனால் அவளைச் சொல்லி என்ன பயன்? ஊரே அதைத்தான் சொன்னது. கேட்டதற்கு மேல் கொடுக்கிறாரே, எத்தனை பேர் கொடுக்காமலே ஏமாற்றுகிறார்கள், நீ கொடுத்துவைத்தவள் என்று என் ஆபீஸில் சொன்னார்கள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று என் சொந்த அண்ணாவே சொன்னான். தானமே இல்லை அண்ணா, அது என் மாடு, கட்டி வைத்திருக்கிறவன் பால் மட்டும் அனுப்புகிறான் என்றேன். நீ படித்த படிப்புக்கு இப்படியெல்லாம் பேசக் கூடாது என்று அவன் அடுத்த புத்திமதிக்குப் போய்விட்டான்.

இதில் என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் பிரிந்தபோது அவளுக்கு எட்டு வயது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் வந்து கூட்டிக்கொண்டு போவார். தி. நகரில் ஒரு ஹோட்டலில் ரவா தோசை, பிறகு ஒரு கடையில் ஒரு சட்டை, எட்டு மணிக்குத் திரும்பக் கொண்டுவந்து விடுவார். மாடி ஏறி வர மாட்டார். கீழே இருந்தே ஹார்ன் அடிப்பார். அவளுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை பிடிக்கும். மத்தியானத்திலிருந்தே தலையைப் பின்னிக்கொண்டு பால்கனியில் நிற்பாள். எனக்கு அது பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் பின்னலுக்கு ரிப்பன் நானேதான் கட்டிவிடுவேன்.

பணம் வந்த அன்றைக்கு அவள் ஒரு வார்த்தை எழுத வேண்டும் என்பது அந்த வீட்டு ஏற்பாடு. "வந்துடுத்துன்னு ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவா?" என்று அக்கா கேட்டிருந்தாள். குழந்தை என் கைப்பேசியை வாங்கி, நன்றி அப்பா என்று தட்டுவாள். பதிலுக்கு ஆசீர்வாதம் செய்கிற கைப் படம் ஒன்று வரும். வார்த்தை கிடையாது, கை மட்டும்தான். இப்படி ஐந்து வருஷம் ஓடியது. பிறகு ஒருநாள், எட்டாம் வகுப்பு படிக்கும்போது, தட்டில் இட்லியை வைத்தபடியே என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"நீ தினமும் சமைக்கறே. உனக்கு நான் ஒருநாள்கூட தேங்க்ஸ் சொன்னதில்லையே. அப்பாவுக்கு மட்டும் ஏன் சொல்லணும்?"

எனக்கு அவளை அப்படியே தூக்கிச் சுற்ற வேண்டும் போல் இருந்தது. அந்த மாதத்திலிருந்து அவள் எழுதவில்லை. நன்றி கெட்ட பெண்ணாக வளர்த்துவிட்டேன் என்று நங்கநல்லூரிலிருந்து தகவல் வந்தது. நான் அதைச் சான்றிதழாகவே எடுத்துக்கொண்டேன்.

ஆனால் ஒன்று. நன்றி சொல்வதை நிறுத்தினாளே தவிர, ஞாயிற்றுக்கிழமையை அவள் நிறுத்தவில்லை. நான் அவரைப் பற்றி எவ்வளவு எரிச்சலோடு பேசினாலும் அவள் சேர்ந்து பேச மாட்டாள். "அவருக்கு எப்படிப் பேசறதுன்னு தெரியாதும்மா" என்பாள். கேட்டுக் கேட்டு எனக்குப் புளித்துப்போன வாக்கியம் அது. ஆபீஸில் நாற்பது பேருக்கு மேலதிகாரி, மீட்டிங்கில் மணிக்கணக்காகப் பேசுகிற மனிதர், வீட்டுப் பேச்சு மட்டும் தெரியாதாம். நான் சிரிப்பேன். அவள் சிரிக்க மாட்டாள்.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த ஏப்ரலில் அவளுக்குப் பதினெட்டு வயது நிறைந்தது. ஒப்பந்தத்தில் பதினெட்டு வரை என்றுதான் எழுதியிருந்தது. மே மாதம் ஐந்தாம் தேதி அஷ்டமியும் இல்லை, வெள்ளியும் இல்லை, எந்தக் கண்டத்திலும் எந்தப் பங்காளிக்கும் ஒன்றும் ஆகவில்லை. பணம் வரவில்லை. ஜூனிலும் வரவில்லை.

அவளுக்குக் கட்டடக் கலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. சின்ன வயதிலிருந்து வீட்டுப் பால்கனியிலிருந்து கோயில் மண்டபம் வரைக்கும் பார்த்ததையெல்லாம் வரைந்துகொண்டிருந்தவள், அதைத் தவிர வேறு எதற்கும் விண்ணப்பமே போடவில்லை. முதல் வருஷக் கட்டணம் மூன்று லட்சம். இருக்கிற நகையை வைத்து, சீட்டை எடுத்து, என்னால் பாதி புரட்ட முடிந்தது. மீதி ஒன்றரை லட்சம் ஜூலை கடைசிக்குள் கட்டாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். கேட்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பிறகு கேட்டேன். அவரைக் கூப்பிட்டால், "அக்காகிட்ட பேசிடு" என்றார்.

"சட்டப்படி எல்லாம் முடிஞ்சுடுத்தேடி" என்றாள் அக்கா. குரலில் அப்படி ஒரு நிம்மதி. "இனிமே அவன் குடுக்கறதெல்லாம் அவனா மனசு வெச்சுக் குடுக்கறது. குடுக்க மாட்டேன்னு சொல்லலை. எங்காத்துக்காரருக்கு அடுத்த மாசம் அறுபதாம் கல்யாணம். தி. நகர்ல மண்டபம் எடுத்திருக்கோம். குழந்தையை அனுப்பு. நாலு பெரியவா முன்னாடி ஓதியிட்டுடறேங்கறான்."

மற்றவர்கள் மொய் என்பதை எங்களவர்கள் ஓதி என்பார்கள். பணத்தை வாத்தியார் கையில் கொடுத்தால் போதும். அவர் மந்திரம் சொல்லி, கொடுப்பவர் இன்ன உறவு, இன்ன தொகை என்று சபையில் உரக்கப் படித்து, வாங்குகிறவர் மடியில் சேர்ப்பார். மாமா ஓதியிடுவார், பெரியப்பா ஓதியிடுவார், ஆபீஸ் நண்பர்கள், அண்டை வீட்டார் எல்லோரும் இடுவார்கள். பெற்ற அப்பன் தன் பெண்ணுக்கு ஓதியிட்டு நான் பார்த்ததில்லை, யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஓதி வெளி மனிதர்கள் கொடுப்பது. விசேஷத்துக்கு வந்து, கொடுத்து, சாப்பிட்டு, தாம்பூலப் பையோடு வீட்டுக்குப் போகிறவர்கள் கொடுப்பது. ஒற்றை ரூபாயில் ஆரம்பித்த புத்தி கடைசியில் எங்கே வந்து நிற்கிறது பாருங்கள் என்று எனக்கு ஆத்திரமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இந்தத் தப்பைச் செய்ய ஒருவர் தன் குழந்தைக்கு விருந்தாளியாகவே பத்து வருஷம் பழகியிருக்க வேண்டும்.

"போக வேண்டாம். மூக்கறுபட்டு வாங்கற காசு நமக்கு வேண்டாம்" என்று மகளிடம் சொன்னேன்.

"ஃபீஸ் கட்டணுமேம்மா" என்றாள்.

"வேற எங்கயாவது கேக்கறேன்."

"எங்க?"

அவள் அலமாரியைத் திறந்து எந்தப் பாவாடை தாவணி என்று பார்க்க ஆரம்பித்துவிட்டாள். பிறகு முதுகைக் காட்டிக்கொண்டே, "எல்லார் முன்னாடியும் கூப்பிட்டுக் குடுக்கறேங்கறார். அதுவும் நல்லதுதானே" என்றாள். எது நல்லது என்று நான் கேட்கவில்லை.

அன்று காலை ஆட்டோவில் போனோம். பனகல் பூங்காவைத் தாண்டுவதற்குள் வெயில் ஏறிவிட்டது. நான் உள்ளே வர மாட்டேன் என்று சொல்லியிருந்தேன். வாசலில் சந்தனமும் கற்கண்டும் வைத்திருந்த மேஜைப் பக்கத்திலேயே நின்றுகொண்டேன். பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த பெண் என்னை யாரென்று தெரியாமல் இரண்டு தடவை தெளித்தாள். அங்கிருந்து பார்த்தால் மேடை நன்றாகத் தெரிந்தது. அக்காவும் அவள் கணவரும் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தார்கள். கலசத் தண்ணீரைக் கொட்டி முடித்து, புதுப்புடவை மாற்றி, ஆசீர்வாதம் நடந்துகொண்டிருந்தது. அவர் ஓரத்தில் பட்டு வேஷ்டியில் நின்றார். நன்றாகச் சதை போட்டிருந்தார்.

வாத்தியார் இளைஞர். வழக்கமாக வருகிற பெரியவருக்கு முடியவில்லை என்று தன் சிஷ்யரை அனுப்பியிருந்தாராம். குடும்பக் கதை எதுவும் அவருக்குத் தெரியாது. கையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு உற்சாகமாக ஓதி படித்தார். மருமான் ஆத்து ஆசீர்வாதம் இரண்டாயிரத்து ஒன்று, நங்கநல்லூர் எதிராத்து மாமா ஆசீர்வாதம் ஐந்நூற்றொன்று என்று வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. சபையில் யாரும் கேட்கவில்லை. பாதிப் பேர் சாப்பாட்டுக் கூடத்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது ஓரத்தில் நின்றிருந்த அவர் மேடையேறினார். கையில் வெள்ளித்தட்டு. அதில் வெற்றிலை, பாக்கு, ஆப்பிள், ஒரு பட்டுத்துணி, மேலே ஒரு கவர். என் மகளைக் கையசைத்துக் கூப்பிட்டார். அவள் போய் நின்றாள். வாத்தியார் தட்டை வாங்கிக்கொண்டு, தம்பதிக்குத்தான் என்று அவர்கள் பக்கம் திரும்பினார்.

"அவாளுக்கு இல்லை. இந்தக் குழந்தைக்கு" என்றார் இவர்.

"குழந்தைக்கா? என்ன விசேஷம் அண்ணா?"

"காலேஜ்ல சேர்றா."

"பேஷ், பேஷ்" என்றார் வாத்தியார். கவரைப் பிரித்துக் காசோலையைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அதுவரை ஐந்நூறும் ஆயிரமுமாகப் படித்தவர். மைக்கை வாயருகே கொண்டுபோனவர் மறுபடி இறக்கி, எல்லா ஓதிக்கும் கேட்பது போலவே கேட்டார்.

"அண்ணா, நீங்க குழந்தைக்கு என்ன வேணும்?"

மைக் இறங்கியிருந்ததே தவிர அணைந்திருக்கவில்லை. கேள்வி மண்டபம் முழுக்கக் கேட்டது. பதில் வசதியாக வரட்டும் என்று வாத்தியாரே மைக்கை அவர் பக்கம் நீட்டினார்.

அவர் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. அப்பா ஓதியிடுகிறார் என்று ஊர் முன்னால் சொன்னால் எப்படி இருக்கும் என்பது அந்த நிமிஷத்தில்தான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அக்காவுக்கு மாலை கழுத்தை அழுத்திக்கொண்டிருந்தது, எழுந்து வந்து தம்பிக்காகத் தும்ம முடியவில்லை. சாப்பாட்டுக் கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிவிட்டார்கள். எனக்கோ, சொல்லித்தான் ஆக வேண்டும், திருட்டு முழி முழித்துக்கொண்டு அவர் நின்ற அழகைப் பார்க்க இரண்டு கண் போதவில்லை. வாத்தியார் கையில் மைக் அப்படியே நீட்டியபடி இருந்தது.

என் மகள் அவரைப் பார்த்தபடியே நின்றாள். பிறகு வாத்தியாரிடம் திரும்பினாள்.

"தெரிஞ்சவா" என்றாள்.

வாத்தியார் பாவம், பதில் கிடைத்ததே போதும் என்று மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "குழந்தைக்குத் தெரிஞ்சவா ஆசீர்வாதம், ஒரு லட்சத்து ஐம்பதாயிரத்து ஒரு ரூபாய்!" என்று கணீரென்று படித்தார். தொகையைக் கேட்டு நாதஸ்வரக்காரர் தானாகவே ஒரு பிடி பிடித்தார். தெரிந்தவரே இவ்வளவு செய்கிறாரே, என்ன மனசு என்று எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு மாமி பக்கத்து மாமியிடம் வியந்தாள். உறவுக்காரர்கள் உட்கார்ந்திருந்த முன்வரிசையில் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மகள் கவரை மட்டும் எடுத்துக்கொண்டு, தட்டைத் தம்பதியின் காலடியில் வைத்துவிட்டு இறங்கி வந்தாள்.

காசோலை செல்லுமா என்று யாரும் கவலைப்பட வேண்டாம். மறுநாளே கணக்கில் ஏறியது, கட்டணமும் கட்டியாயிற்று. ஊருக்குத் தெரிந்து கொடுத்ததை நிறுத்துகிற துணிச்சலும் அந்தக் குடும்பத்துக்குக் கிடையாது. அன்று சாயங்காலமே அக்கா தொலைபேசியில் பிடித்துக்கொண்டாள். சபையில் தம்பியின் மானத்தை வாங்கிவிட்டாள், இப்படியா ஒரு பெண்ணை வளர்ப்பது, என்ன சொல்லிக் கொடுத்து அனுப்பினாய் என்று கத்தினாள். நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை, உங்கள் தம்பி வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கேட்டுவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் வைப்பதற்கு முன்னால் நான் தொலைபேசியை வைத்தேன்.

ஆனால் அதற்கு முன்பே, மண்டபத்திலிருந்து திரும்புகிற ஆட்டோவில், எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பத்து வருஷமாக நான் மனசுக்குள் எழுதி எழுதிக் கிழித்த வசனங்களில் ஒன்றுகூட இந்த ஒற்றைச் சொல்லுக்கு ஈடாகாது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அந்த முழியைப் பார்த்தாயா, அந்த வாத்தியார் படித்ததைக் கேட்டாயா என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். சபாஷ்டி என்று அவள் தொடையில் தட்டினேன்.

அவள் கவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாவணித் தலைப்பு காற்றில் என் முகத்தில் அடித்தது. அதை இழுத்துச் செருகிவிட்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமலே பேசினாள்.

"நான் உடனே சொல்லலைம்மா. அவரே சொல்லிடுவார்னுதான் காத்துண்டிருந்தேன்."